கட்டம் காலியாக இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் வாசுதேவநல்லூருக்கு வந்திருந்தபோது வாசலில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டாய். “பெரியப்பா, ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்தான் பெரிது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புகிறேன். இதற்கா படித்தேன்?” திருநெல்வேலி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ கிளம்பிவிட்டாய். முப்பது வருஷம் இதே வேலையைப் பார்த்தவன் நான். பதிலை எழுதி அனுப்புகிறேன். ஒரு பழைய ஆய்விலிருந்து தொடங்குகிறேன்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த காரியம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் எனும் தனி மருத்துவமனைதான் கதி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். சென்னையின் ஏழை வீடுகளில் இந்த மூன்றும் இல்லை. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பகுதியினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று பல நாடுகள் துணிந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மருந்து கைக்குப் போனதும் வாய்க்குள் போனதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். படியேறிப் போனவர் யாராவது எண்ணாமலே எண்ணிக்கை எழுதியிருந்தால், 86 என்ற எண்ணை நம்பி எந்த மருத்துவரும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்க முடியாது.

இப்போது உன் திரைக்கு வருவோம். நீ பயன்படுத்தும் ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருள், 2004-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழுவினர் உருவாக்கியது. லாப நோக்கமில்லாத நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டால் விலையில்லாமல் வாங்கி, தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். வேலூர் சி.எம்.சி. முதல் உலகின் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் டேப்லெட்டில் பதிந்து, திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஒருவர் சரிபார்த்து வைத்த கேள்விப் படிவத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளப் பொது நூலகமும் உண்டு. நம் ஊர்க் குளம் மாதிரிதான். தண்ணீர் எல்லோருக்கும், தூர்வாரும் பொறுப்பும் எல்லோருக்கும். நீங்கள் தமிழில் நன்றாக அமைத்த படிவத்தை உங்கள் டிராயரிலேயே பூட்டி வைக்காதீர்கள்.

நீ எதை மாற்றினாலும் யார், எப்போது, எதை எதாக மாற்றினார் என்று அது குறித்துக்கொள்ளும். உன்னைச் சந்தேகிக்கிறது என்று நினைக்காதே. கரும்பு லாரியை எடைமேடையில் ஏற்றினால் சுமையோடு ஓர் எடை, இறக்கியபின் ஓர் எடை. இரண்டும் சீட்டில் இருப்பதால்தான் உன் அப்பா அந்தக் கணக்கை நம்புகிறார். தவறாக அடித்ததைத் திருத்துவதில் வெட்கமில்லை, காரணத்தைச் சேர்த்து எழுது. உன் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. கொடுத்தால் அவர் செய்ததும் உன் கையெழுத்தாகிவிடும்.

ஆனால் பொய்யான எண்ணை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. 140 என்று அடித்தால் 140 என்றே ஏற்கும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

காகிதப் படிவக் காலம். ஒரு ரத்த அழுத்த ஆய்வில் ஓர் அம்மா மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வரவில்லை. எனக்கு மேலே இருந்த அதிகாரி, “போன மாத அளவையே போட்டுவிடு, தாள் காலியாக இருந்தால் கேள்வி வரும்” என்றார். போட்டேன். அந்த வாரம் அந்த அம்மா அழுத்தம் ஏறி வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தாளில் மட்டும் நன்றாக இருந்தார். இன்றைய விதிப்படி மருந்துப் பரிசோதனையில் ஒருவர் இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். நான் எழுதிய ஓர் எண், தெரிவிக்க ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது. அவர் பிழைத்து வந்தார். அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன் மகளே, இல்லாததை இல்லை என்றே எழுது. வரவில்லையா, மறுத்தாரா, கருவி பழுதா என்று காரணத்தைக் குறி. பிறந்த தேதி கேட்டால் “எழுபது இருக்கும்” என்பார் பெரியவர். கட்டம் சிவப்பாக மினுங்குகிறதே என்று 01/01 போடாதே. தோராய வயது என்று தனிக் கட்டம் வேண்டும் என்று தரவு மேலாளரிடம் கேள். படிவம் அமைக்கும்போதே அவரையும் புள்ளியியலாளரையும் பக்கத்தில் உட்கார வை. ஆய்வு முடிந்தபின் அவர்களிடம் ஓடினால், விதைக்காத வயலுக்கு அறுவடை ஆள் கூப்பிட்ட மாதிரி.

இன்னொன்றும் செய். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். உங்கள் ஆய்வு பதிவாகியிருந்தால், எதை அளக்கப்போகிறோம் என்று ஊரறியச் சொல்லியிருப்பதை ஒருமுறை வாசி. நீ நிரப்பும் கட்டங்களில் எது அந்த வாக்குக்குச் சொந்தமானது என்று தெரிந்துவிடும்.

இதற்கா படித்தேன் என்று கேட்டாயே, இதற்குத்தான். கையை நீட்டி ரத்தம் கொடுத்த ஒருவர், தன்னைப் பற்றி உண்மை எழுதப்படும் என்று நம்பித்தான் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை கடைசியில் வந்து சேரும் இடம் உன் விரல் நுனி.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எத்தனை கட்டம் நிரப்பினாய் என்று கேட்க மாட்டேன். எத்தனை கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதினாய் என்று கேட்பேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா
வாசுதேவநல்லூர்