தொட்டியில் செங்காந்தள் வளர்த்தல்

நம் கிராமங்களில் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் மழைக்காலத்தில் தானே முளைத்துப் படரும் கொடிகளுள் செங்காந்தள் ஒன்று. கார்த்திகை மாதத்தையொட்டி மலர்வதால் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு கலப்பை வடிவினதாதலால் கலப்பைக் கிழங்கு என்றும், சிற்சில இடங்களில் கண்வலிக் கிழங்கு என்றும் ஜனங்கள் இதனை வழங்குவர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்துங்கால் முதலாவதாக வைத்தது காந்தளையே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

வேலிகள் அழிக்கப்படுவதாலும், மருந்துச் சரக்குக்காகக் கிழங்குகள் வரைமுறையின்றித் தோண்டப்படுவதாலும் இக்கொடி பல இடங்களில் அருகி வருகின்றது. ஆயினும் ஒரு தொட்டி வைக்க இடமுள்ள எவ்வீட்டிலும் இதனை வளர்த்தல் கூடும். வளர்க்க முற்படுவோர் இரண்டு விஷயங்களை முதலில் அறிதல் அவசியம். ஒன்று, இது ஆண்டில் ஏறக்குறையப் பாதிக்காலம் மண்ணுக்குள் உறங்கும் செடி. மற்றொன்று, இதன் எல்லாப் பாகங்களும், விசேஷமாகக் கிழங்கும் விதையும், கொடிய விஷமுடையவை. முதலாவதை அறியாதவர் செடியை இழப்பர். இரண்டாவதை அறியாத வீட்டில் உயிருக்கே அபாயம் நேரலாம்.

செடியின் இயல்பு

செங்காந்தளின் கிழங்கு பெரும்பாலும் இரண்டு கைகளாகப் பிரிந்து, கலப்பையைப் போல வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு. உருளைக்கிழங்கைப் போலப் பல இடங்களில் கண்கள் இருப்பதில்லை. ஆகவே நுனி ஒடிந்த கையை நட்டால் அது முளைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி மடிய, அதன் இடத்தில் புதிய கிழங்கு உண்டாகின்றது.

இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகின்றது. அக்கம்பியால் அண்டையிலுள்ள சுள்ளிகளைப் பற்றிக்கொண்டே கொடி ஏறும். பூவுக்கு ஆறு இதழ்கள். ஓரம் நெளிந்து, மேல்நோக்கி வளைந்து நிற்கும். விரியும்போது பசுமை கலந்த மஞ்சளாகவும், பின்னர் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகவும், முடிவில் முழுச் சிவப்பாகவும் நிறம் மாறும். ஒரே கொடியில் இம்மூன்று நிறங்களையும் ஒருங்கே காணலாம்.

வேலியில் இக்கொடியின் அடி நிழலில் இருக்கும். தலை வெயிலைத் தேடி மேலே வரும். மழை பெய்தவுடன் நீர் வடிந்துவிடும். கோடையில் மண் காய்ந்து கிடக்கும். இந்நான்கு நிலைமைகளையும் தொட்டியில் உண்டாக்கித் தருவதே வளர்ப்பு முறையின் சாரமாகும்.

கிழங்கு பெறுதல்

காட்டிலும் வேலியிலும் உள்ள கிழங்கைத் தோண்டலாகாது. திண்டுக்கல் ஜில்லாவில் ஒட்டன்சத்திரம், திருப்பூர் ஜில்லாவில் மூலனூர், தாராபுரம், கரூர் ஜில்லாவில் அரவக்குறிச்சி ஆகிய பகுதிகளில் குடியானவர்கள் விதைக்காக இதனை வயலில் பயிரிடுகின்றனர். அத்தகைய சாகுபடியாளரிடமிருந்து வாங்குவதே முறை. தனித்தனியே ஒன்றிரண்டு கிழங்கு வாங்குவதைக் காட்டிலும், ஒரு தெருவில் நான்கைந்து குடும்பத்தார் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். நல்ல கிழங்கைப் பொறுக்கி எடுக்கவும் இயலும். கனமாகவும் சுருக்கமின்றியும், நுனி ஒடியாமலும், அழுகல் புள்ளியில்லாமலும் உள்ளவற்றையே ஏற்கவேண்டும். விதையிட்டும் வளர்க்கலாம், ஆனால் பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும்.

தொட்டியும் மண்ணும்

வாய் அகலமும் ஆழமும் 12 அங்குலத்துக்குக் குறையாத மண்தொட்டி ஏற்றது. அடியில் துவாரம் நன்கு திறந்திருக்கவேண்டும். துவாரத்தின்மேல் ஓட்டுச்சில்லுகளைக் கவிழ்த்து, அதன்மேல் ஓரங்குல உயரம் சரளை பரப்புக. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது இலைமட்கு ஒரு பங்கு கலந்து நிரப்புக. மக்காத சாணத்தை இட்டால் கிழங்கு அழுகும். வெறுங் களிமண்ணும் ஆகாது.

நடவு

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு உரியவை. கிழங்கை நிறுத்தி நடாமல், மண்ணின்மேல் படுக்கையாகக் கிடத்தி, இரண்டு மூன்று அங்குல மண்ணால் மூடவேண்டும். கிழங்கு எளிதில் ஒடியக்கூடியது, அழுத்துதல் கூடாது. ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். நட்டவுடன் ஒருமுறை நீர் ஊற்றி, முளை தோன்றும்வரை மண் சற்றே ஈரமாயிருக்குமளவு மட்டும் தெளித்துவருக. முளை வெளிவரச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து கிளறிப் பார்ப்பவர், இருக்கும் ஒரு கண்ணையும் ஒடித்துவிடுவர்.

கொழுகொம்பும் நீரும்

முளை ஒரு சாண் வளருமுன்பே கொழுகொம்பு ஊன்றிவிடவேண்டும். பின்னர் ஊன்றினால் கிழங்கில் குத்தும். பருத்த மூங்கிலை இக்கொடியின் மெல்லிய பற்றுக்கம்பியால் சுற்றிப் பிடிக்க முடியாது. கிளைத்த மெல்லிய சுள்ளிகளையோ, இரண்டு கழிகளுக்கிடையே குறுக்காகக் கட்டிய சணல் கயிற்றையோ அமைத்தல் நலம். ஐந்தாறு அடி உயரத்துக்கு இடமளிக்கவேண்டும்.

காலை வெயில் நன்கு படும் இடத்தில் தொட்டியை வைத்து, அதன் அடிப்பாகத்தை வேறு சிறு தொட்டிகளால் மறைத்துவைத்தால், வேர்ப்பாகம் உஷ்ணமடையாது. மேல்மண் காய்ந்தபின் நீர் விடுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியில் நீர் தேங்குமாயின் கூரையின் கீழ் நகர்த்துதல் வேண்டும். கிழங்கு அழுகுதற்கு நீர்த்தேக்கமே முதற்காரணம்.

கருநிற உடலில் வெள்ளையும் செம்மையுமான புள்ளிகளுடைய புழு ஒன்று இலைகளைத் தின்று கொடியை மொட்டையாக்கும். நாள்தோறும் இலையின் இருபுறமும் பார்த்து, கண்டவுடன் குச்சியால் எடுத்து அழித்தால் மருந்து தெளிக்கவேண்டிய அவசியமிராது. விதை வேண்டாதவர் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால், செடியின் சத்து கிழங்குக்குச் சேரும்.

உறக்கக் காலம்

மார்கழி, தை மாதங்களில் இலைகள் மஞ்சளாகிக் கொடி காயத் தொடங்கும். பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். செடி நோயுற்றதென்று எண்ணிச் சிலர் நீரை மிகுதியாக ஊற்றிக் கிழங்கை அழுகச் செய்வர். வேறு சிலர் செத்துவிட்டதென்று தொட்டியைக் குப்பையில் கவிழ்ப்பர். இரண்டும் பிசகு. இலை மஞ்சளாகும்போது நீரைப் படிப்படியாகக் குறைத்து, கொடி முற்றும் காய்ந்தபின் நிறுத்திவிடவேண்டும். காய்ந்த தண்டைப் பிடுங்காமல் அறுத்தெடுத்துத் தொட்டியை மழை படாத இடத்தில் வைகாசி முடிய வைத்திருத்தல் போதும். அடுத்த பருவத்துக்கு முன்னர் மண்ணை மெல்லக் கவிழ்த்துக் கிழங்கை எடுத்து, இரு கைகளையும் அவை சேருமிடத்தில் பிரித்து, வெட்டுவாய் உலர்ந்தபின் தனித்தனித் தொட்டியில் நடலாம். இவ்விதம் ஒரு தொட்டி இரண்டாகப் பெருகும்.

விஷத்தைப் பற்றிய எச்சரிக்கை

இச்செடியிலுள்ள விஷத்துக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். இதனையே மிகச் சிறிய அளவில் மூட்டுவாத நோய் ஒன்றுக்கு வைத்தியர்கள் மருந்தாகக் கொடுக்கின்றனர்; விதைக்காக இக்கொடி பயிரிடப்படுவதும் இதன் பொருட்டே. ஆனால் கிழங்கை உண்டால் மரணம் சம்பவிக்கலாம். இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கென்று பிழையாக எண்ணி இதனைச் சமைத்துண்டு மாண்டவர்கள் உண்டு. வேகவைப்பதால் விஷம் நீங்குவதில்லை. ஆதலால் கீழ்க்கண்டவற்றைத் தவறாது அனுசரிக்கவேண்டும்.

1. எடுத்த கிழங்கைச் சமையலறையிலோ, காய்கறிக் கூடையிலோ, உண்ணும் கிழங்குகளின் அருகிலோ ஒருபோதும் வைத்தலாகாது. பெயரெழுதிய டப்பாவில் பூட்டிவைக்கவேண்டும்.

2. தொட்டியில் ‘விஷச் செடி’ என்று யாவரும் படிக்குமாறு எழுதி ஒட்டவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் குழந்தைகளுக்கும் வாயால் சொல்லிவைக்க வேண்டும்.

3. குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்திலேயே தொட்டி இருக்கவேண்டும். நறுக்கிய தண்டையும் இலையையும் தீவனக் குப்பையில் சேர்க்கலாகாது.

4. கிழங்கைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும்; கையுறை அணிதல் இன்னும் நலம்.

5. எவரேனும் உண்டுவிட்டால் வாந்தியும் பேதியும் தோன்றும்வரை காத்திராமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. அறிகுறி வெளிப்படச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆள் சுகமாயிருப்பது போலத் தோன்றுவதைக் கண்டு ஏமாறலாகாது. மிஞ்சிய கிழங்கையும் உடன் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டவேண்டும். கைவைத்தியத்தில் காலம் போக்குதல் கூடாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பத்திரமான இடமில்லையாயின், அவர்கள் வளரும்வரை இச்செடியை வைக்காதிருத்தலே உத்தமம். அவ்வசதியுள்ளவர் வளர்த்து, பெருகிய கிழங்கை முறையறிந்த அண்டை வீட்டாருக்கு, எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுக்கலாம். வேலியில் தானே முளைத்திருக்கும் காந்தளையோ, பூக்குங்காலத்தில் பார்த்து மகிழ்ந்து, கிழங்கைத் தொடாமல் விட்டுவிடுவது எல்லோராலும் இயலும்.