விலாவைத் தடவினால் தெரியும்!

உங்கள் நாயின் விலாவில் இரு கைகளையும் வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. பூனைக்கும் இதே சோதனைதான். அடிவயிற்றில் ஆடும் தோல்மடிப்பை மட்டும் தொப்பை என்று நினைக்காதீர்கள். ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு.

கருத்தடைக்குப் பிறகு கலோரித் தேவை குறையும், பசியோ கூடும். லாப்ரடார்கள் பலவற்றுக்குப் பசி அடங்காதது மரபணுவிலேயே இருக்கிறது. அந்தக் கெஞ்சல் பார்வைக்கு மசியாதீர்கள்.

உணவைக் கண்ணளவில் போடாமல், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிஸ்கட், தயிர்சாத உருண்டை போன்ற நொறுக்குகள் நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாத்தா ரகசியமாகத் தரும் பிஸ்கட்டும் இதில் சேர்த்தி. (பெரும்பாலும் கணக்கு உதைப்பது அங்கேதான்!)

பூனையை மட்டும் பட்டினி போடவே கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். வாரத்துக்கு எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும்.

அளவாகத் தின்றும் நாய் பெருத்துக்கொண்டே போனால், கால்நடை மருத்துவரிடம் தைராய்டு பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.