வந்தபடியே இருக்கும் வாயில்கள்

அங்கத்தினர் கல்விப் பாடம்

கண்மாயின் மடையை எவரும் திறந்தே போட்டு வைப்பதில்லை. எந்த வயலுக்கு எப்போது நீர் என்று ஊரார் கூடி முறை வைப்பர். நீர்பாய்ச்சி அம்முறைப்படி மடையைத் திறப்பார். பாய்ந்து முடிந்ததும் அடைப்பார். மூடியிருப்பதே மடையின் இயல்பு. திறப்பதற்குத்தான் காரணம் வேண்டும். மதுரைச் சீமையின் விவசாயிக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நமது சங்கங்களின் கணினிகளிலோ இவ்விதி பல சமயம் தலைகீழாக இருக்கிறது. அங்கே வாயில்கள் திறந்தே வருகின்றன; மூடுவதற்குத்தான் ஒருவர் முன்வர வேண்டியிருக்கிறது. இதன் அபாயத்தை அங்கத்தினர் அனைவரும் உணர வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இப்போது இதைப் பேசுவானேன்?

நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. பயிர்க்கடன், நகைக்கடன், சேமிப்பு ஆகியவற்றின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறுகின்றன. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் நூல் கொடுத்த கணக்கும், சேலை வரவும், கூலிப் பட்டுவாடாவும் கணினியில் ஏறிவிட்டன. பேரேடு இரும்புப் பெட்டியில் இருந்த காலத்தில் அதைத் திருட வருபவன் சங்கத்தின் வாசலுக்கு வந்தாக வேண்டும். இன்று அவன் வேறு கண்டத்தில் அமர்ந்தபடியே கை நீட்டலாம்.

வாயில் என்பது யாது?

ஒரு கணினி பிற கணினிகளோடு வலைப்பின்னல் வழியே பேசுகிறது. பேச வருவோரை ஏற்பதற்கு அதில் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் 'போர்ட்' என்பர். ஒரு மென்பொருள் ஒரு வாயிலில் காத்திருக்கும்போது, யாரை ஏற்பது என்பதை மூன்று அளவுகளில் வரையறுக்கலாம். அதே யந்திரத்துக்குள் இயங்கும் மென்பொருள்களை மட்டும் ஏற்பது முதல் அளவு. அலுவலகத்துக்குள் உள்ள கணினிகளை ஏற்பது இரண்டாவது. உலகில் எவர் வந்தாலும் ஏற்பது மூன்றாவது.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எந்த அளவு நடைமுறையில் இருக்கும்? தயாரித்தவர் எதை வைத்து அனுப்பினாரோ அதுவே. இதற்கு 'இயல்நிலை அமைப்பு' என்று பெயர். தயாரிப்பாளர் பெரும்பாலும் தாராளமாகவே வைக்கிறார். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. வாங்கியவர் இணைத்தவுடன் பொருள் வேலை செய்ய வேண்டும். புகார் வரக்கூடாது என்பதே அவருடைய கவலை. நம்முடைய ஆபத்து அவருடைய கவலைகளில் பின்னால்தான் இடம் பெறுகிறது.

உலகம் கண்ட அனுபவம்

மோங்கோ-டிபி என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகள் சில, எல்லா வலைப்பின்னல்களிலிருந்தும் வருவோரை ஏற்கும் இயல்நிலையோடும், கடவுச்சொல் கேட்காமலும் வந்தன. 2017 ஜனவரியில் கயவர்கள் அவ்வாறு திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களுள் புகுந்து, உள்ளிருந்ததை அழித்து, மீட்புப் பணம் கேட்டு ஓலை வைத்துச் சென்றனர். பிரதி எடுக்காமலே அழித்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பணம் கொடுத்தும் பயனில்லை. அதே ஆண்டில் வந்த 3.6 பதிப்பு முதல் தன் யந்திரத்துக்குள் மட்டும் ஏற்பதே அம்மென்பொருளின் இயல்நிலையாயிற்று.

2016-இல் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல் இன்னும் எளிய வழியைக் கையாண்டது. கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடே கிடந்தன. அத்தகைய சொற்கள் அறுபதுக்குச் சற்று மிகுதியானவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே அந்நிரல் லட்சக்கணக்கான கருவிகளைத் தன் வசமாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளின் தாக்குதலால் அமெரிக்காவில் பல பெரிய இணையத் தளங்கள் முடங்கின. நூல் கிடங்கைக் காக்க நாம் மாட்டும் கேமராவே கள்வனுக்கு வாயிலாகலாம் என்பது இதனால் விளங்கும்.

"எங்கள் சிறிய சங்கத்தை யார் தேடப் போகிறார்கள்?"

இவ்வாறு கேட்கும் நிர்வாகிகள் பலர். நம்மை எவரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை என்பது உண்மையே. தேட வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கருவி, ஒரே கணினியிலிருந்து இணையத்தின் ஏறத்தாழ 400 கோடி முகவரிகளின் கதவையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க வல்லது. தட்டுபவன் சங்கம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. கதவு திறக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறான்.

நம் வட்டாரத்தில் நாம் ஆய்வு செய்த ஒரு சங்கத்தில், இணையப் பெட்டியின் கடவுச்சொல் அதன் அடியில் ஒட்டிய சீட்டில் இருந்ததே. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வாயிலும் திறந்து கிடந்தது. நிறுவ வந்த தொழில்நுட்பர் தம் வசதிக்காகத் திறந்தாராம். அவர் போய் ஓராண்டுக்கு மேலாயிற்று. செயலாளர் நேர்மையானவர், ரொக்க இருப்பில் ஒரு ரூபாய் பிசகாதவர். அவர் சொன்னார்: "அவர்கள் வைத்தபடியே இருக்கிறது, ஐயா. நாங்கள் யாரும் அதில் கை வைக்கவில்லை."

ரொக்கப் பெட்டியைப் பொறுத்தவரை இது நற்சான்று. கணினியைப் பொறுத்தவரை இதுவே குற்றம். நகைப் பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டும், இருவரிடம் சாவியும் வைக்கும் நாம், அதே நகைக்கடன் கணக்கு இருக்கும் கணினியை அந்நியர் வைத்த அமைப்போடு விட்டுவிடுகிறோம். கை வைக்காதிருப்பதும் ஒரு முடிவே. தீர்மானமின்றி எடுத்த முடிவு.

பிறர் வீட்டு வாயிலும் நமது வாயிலே

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் மீட்புப்பண நிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அந்நிறுவனத்தைத் தன் அமைப்பிலிருந்து துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றங்கள் தடைப்பட்டு, ஆகஸ்ட் 1 அன்று சீராயின. அந்நிறுவனத்தோடு தொடர்புடைய மற்றொரு நிறுவனத்தில் சரிவர அமைக்கப்படாத ஒரு சேவைக் கணினியே நுழைவாயிலாயிற்று என்று கிளவுட்செக் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தன் அறிக்கையில் கூறியது. ஆகவே நம் அலுவலக வாயிலை மூடினால் மட்டும் போதாது. நமக்குச் சேவை செய்பவரிடமும், எந்த வாயில்கள் யாருக்காகத் திறந்துள்ளன என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. கணினி, இணையப் பெட்டி, கேமராப் பதிவுப் பெட்டி, அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி என்று வலைப்பின்னலில் சேர்ந்த ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுக.

2. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் ஒவ்வொன்றையும் முதல் நாளே மாற்றுக.

3. வெளியிலிருந்து வரும் வாயில்கள் அனைத்தையும் அடைத்துவிட்டுத் தொடங்குக. பின்பு தேவையானதை மட்டும் திறக்கலாம். யாருக்காக, எதற்காக, எந்தத் தேதி வரை என்பதை நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் பதிக.

4. தரவுத்தளமும் பகிர்வுக் கோப்புறைகளும் அவற்றைப் பயன்படுத்தும் கணினிக்கு மட்டும் திறந்திருக்கட்டும். கேமராக்களைக் கணக்குக் கணினிகளின் வலைப்பின்னலிலிருந்து பிரித்து வைக்குக. கருவிகள் தாமாகவே வாயில் திறந்துகொள்ள இடந்தரும் 'யூபிஎன்பி' என்னும் வசதியை இணையப் பெட்டியில் நிறுத்துக.

5. தொலைவிலிருந்து பழுது நீக்குபவருக்கு அவர் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் அனுமதி தருக, முடிந்ததும் அடைக்குக.

6. கணக்குகளின் பிரதியை வலைப்பின்னலில் சேராத தனிக் கருவியில் வைத்து, அது மீண்டும் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்குக.

தீங்கு நேர்ந்தால் மறைத்தல் கூடாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிட வேண்டும்.

வாயில்களை அடைப்பதால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. பொய்க் கடிதத்துக்கு ஏமாறுவோரையும், மென்பொருளைக் காலத்தில் புதுப்பிக்காதோரையும் மூடிய வாயில் முழுதும் காக்காது. ஆயினும் செலவில்லாமல், ஒரு நாள் உழைப்பில் செய்யத்தக்க காவல் இதுவே. தறியில் ஏறிய உழைப்பும் வயலில் இறங்கிய வியர்வையும் அந்தக் கணக்குகளில் இருக்கின்றன. அவற்றின் மடையை முறையோடு திறப்பதும் அடைப்பதும் நம் பொறுப்பு.

கல்வி வட்டத்தில் விவாதிக்க

1. நமது சங்கத்தில் வலைப்பின்னலோடு சேர்ந்த கருவிகள் எத்தனை? அவற்றின் கடவுச்சொற்களைக் கடைசியாக மாற்றியவர் யார், எப்போது?

2. வெளியாருக்குத் திறந்துள்ள வாயில்கள் எவை? ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் காரணம் உண்டா?

3. நாளைக் காலை கணினி திறக்க மறுத்தால், அங்கத்தினர் ஒருவரின் நகைக்கடன் நிலுவையை எதைக் கொண்டு சொல்வோம்?