ஹிஸ்டரி எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பி,

டாக்டர்கள் சங்க மலரில் உன் கட்டுரையைப் படித்தேன். வெளிநாடு போகும் இளம் டாக்டர்களை ஐந்தருவித் தண்ணீர் என்று ஆரம்பித்தாய் பார், அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றாலத்துப் பக்கம் பிறந்தவன் எதற்கெடுத்தாலும் அருவியை இழுப்பதா? பங்குனியில் போய்ப் பார், வெறும் பாறை. பையன்கள் பன்னிரண்டு மாதமும் போகிறார்கள். அந்தப் பத்தியை அடித்துவிடு.

அதைவிட எரிச்சல், காரணம் பணம் என்று ஒரே வரியில் முடித்தது. ஹிஸ்டரி எடுக்காமல் டயக்னோசிஸ் எழுதினால் வார்டில் உன்னைச் சும்மா விட்டிருப்பேனா? சம்பளக் குறை உண்டு. சம்பள உயர்வுக்கான 354-ஆம் அரசாணையை அமல்படுத்தச் சொல்லி 2019-இல் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் பட்ட மேற்படிப்புக்கான பி.ஜி. சீட்? 2 லட்சம் பேருக்கு மேல் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள், சீட் அதில் பாதிகூட இல்லை. இதற்கு உன் கட்டுரையில் இடமில்லை.

சர்வீஸ் கோட்டாவுக்கும் இல்லை. வாயைத் திறந்தால் இதைத்தான் பேசுவேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். செங்கோட்டைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அந்த பி.எச்.சி.யில் நாங்கள் கிடந்தது தியாகம் ஒன்றும் இல்லை. சில வருஷம் இருந்தால் அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் பி.ஜி. கிடைக்கும். 2017-இல் பட்ட மேற்படிப்பில் அது நின்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஆகஸ்ட் 31-இல். நடுவில் படித்து முடித்தவன் என்ன செய்வான்? இங்கிலாந்தில் டாக்டராக எழுத வேண்டிய பிளாப் தேர்வுக்குப் புத்தகம் வாங்குவான்.

அந்த பி.எச்.சி.க்கு ராத்திரியில் தேள்கடி வரும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை கால் சில்லிட்டு, மூச்சு இரைக்கும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்கிற சின்ன ஊரில் இருந்துகொண்டே பவாஸ்கர் என்ற டாக்டர் தேள்கடியை ஆராய்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். பிரசோசின் மாத்திரையை நமக்குக் காட்டியவர் அவர்தான். அதை எனக்குச் சொன்னவர் தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்த என் சீனியர். எந்நேரம் போன் போட்டாலும் "பல்ஸ் எவ்வளவுடே?" என்பார். அவர் இல்லையென்றால் நானும் கிளம்பியிருப்பேன். இன்றைக்கு ஒப்பந்த வேலையில் தனியாக நைட் பார்க்கிற பெண் டாக்டர் யாருக்குப் போன் போடுகிறாள் என்று விசாரித்தாயா?

ஆனால் உன் கட்டுரையில் வரும் அந்த சூட்கேஸ்! பாவூர்சத்திரம் கமிஷன் கடைத் தராசில், வெளிநாடு போகும் உன் நண்பனின் அப்பா பெட்டியை நிறுத்து, 23 கிலோவுக்கு மேல் போனதும் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைக்கிறாரே, அந்த நாலு வரிக்கு உனக்கு என்ன வேண்டுமானாலும் தரலாம். நானும் நாற்பது வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒன்று அமையவில்லை.

இங்கிலாந்தையும் சொர்க்கமாக்காதே. 1975-இல் நம் பட்டத்தை நேரடியாக ஏற்பதை அவர்கள் நிறுத்தினார்கள். அதற்கு முன் போன நம்மவர்கள் பலர் வைத்தியம் பார்த்தது வேல்ஸ் சுரங்கக் கிராமங்களில், உள்ளூர் டாக்டர்கள் போக மறுத்த இடங்களில். இப்போது பிளாப் தேறியும் வேலைக்கு அலைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

உன் நண்பன் எத்தனை தடவை நீட் பி.ஜி. எழுதினான், என்ன பிரிவு கேட்டான், என்ன கிடைத்தது? கேட்டு எழுதி எனக்கு அனுப்பு. தமிழில் டைப் அடித்து அனுப்பு, உன் கையெழுத்து பார்மசிக்காரருக்கே புரியாது.

அன்புடன்,
உன் பழைய சீஃப்