வலி வருமுன் ஒரு படம்

இந்தக் கட்டுரையில் 'மார்பகம்' என்ற சொல் பல இடங்களில் வரும். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிட்டுப் பிறகு படியுங்கள். ஏனென்றால், இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே என் பெரிய அத்தை ஒரு வருஷம் கட்டியை மறைத்து வைத்திருந்தார். "வலிக்கவே இல்லையே, தானாக் கரைஞ்சிடும்"னு இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்பு வரை போயிருந்தது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அத்தையின் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "என்னம்மா போட்டிருக்கு?" என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். வாசித்தேன். ஒரு வரியும் விளங்கவில்லை. அன்று விளங்காததை இப்போது விளங்கிக்கொண்டு எழுதுகிறேன். அவ்வளவுதான் இக்கட்டுரை.

பட்டறையில் படித்த பாடம்

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ரேடியோகிராபி தெரியும். பாய்லர் குழாயில் போட்ட வெல்டிங் வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே காற்றுக்குமிழோ வெடிப்போ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழாயை உடைக்காமல், எக்ஸ்ரேயோ காமா கதிரோ செலுத்திப் படம் எடுக்கிறோம். கவனியுங்கள்: குழாய் வெடித்த பிறகு எடுப்பதில்லை, நன்றாக இருக்கும்போதே எடுக்கிறோம்.

மேமோகிராம் என்பதும் இதே வேலைதான். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு, கையில் தட்டுப்படாத சிறு கட்டி ஏதாவது உண்டா என்று மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. இப்படி நோய்க்குறி இல்லாதவர்களைச் சோதிப்பதற்கு ஸ்கிரீனிங் என்று பெயர்.

கொஞ்சம் வரலாறு

ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். 1913-ல் ஜெர்மனியில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷனில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். ஆனால் உயிரோடு இருக்கும் பெண்ணுக்குத் தெளிவான படம் எடுக்கும் முறை பரவ வெகுகாலம் ஆயிற்று. 1960-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன் என்ற டாக்டர் தம் முறையை வெளியிட்டார். அவர் எந்த ஃபிலிமைப் பயன்படுத்தினார் தெரியுமா? தொழிற்சாலைகளுக்கென்று செய்யப்பட்ட இண்டஸ்ட்ரியல் ஃபிலிம்! இதைப் படித்தபோது நான் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். நம் பட்டறைச் சரக்கு ஒரு தாயின் உயிருக்கு உதவியிருக்கிறது. இன்று பெரும்பாலும் டிஜிட்டல் கருவிகளே வந்துவிட்டன.

எப்படி எடுக்கிறார்கள்?

எலும்பு ஒரு பொருள், சதை வேறொரு பொருள். அதனால் கை எக்ஸ்ரேயில் இரண்டும் சுலபமாகப் பிரிந்து தெரியும். மார்பகத்திலோ கொழுப்பு, சுரப்பி, கட்டி எல்லாமே மென்மையான திசுக்கள். சக்தி மிகுந்த கதிர் எல்லாவற்றையும் ஒன்றுபோலத் துளைத்துப் போய்விடும். ஆகவே சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேக்கு 100 கிலோவோல்ட் அளவில் வைத்தால், இதற்குச் சுமார் 25 முதல் 35 கிலோவோல்ட்தான். 1960-களில் பிரான்ஸ் நாட்டில் இதற்கென்றே தனிக் கருவி செய்தபோது, எக்ஸ்ரே குழாயின் ஆனோடை மாலிப்டினத்தால் அமைத்தார்கள். அலாய் ஸ்டீல் பாடத்தில் படிக்கிறோமே, அதே மாலிப்டினம்தான்! அதிலிருந்து வரும் கதிரின் சக்தி இந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் டங்ஸ்டன் இருக்கிறது.

மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்துவார்கள். பெண்கள் பயப்படுவது இதற்குத்தான். காரணம் இல்லாமல் அழுத்துவதில்லை. கனம் குறைந்தால் குறைந்த கதிரே போதும், படம் அசைந்து மங்காது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரிந்து தனித்தனியே தெரியும்.

வெல்டிங் படத்தில் காற்றுக்குமிழ் கறுப்புப் புள்ளியாக விழும். மேமோகிராமில் கட்டியும் சுண்ணாம்புத் துகள்களும் வெள்ளையாக விழும். மணலைவிடச் சிறிய அந்தத் துகள்கள் கூட்டமாக இருந்தால் சில சமயம் புற்றுநோயின் முதல் அடையாளம். ஒரு குறிப்பு: அன்றைக்கு அக்குளில் பவுடர், சென்ட் போடக்கூடாது. அவற்றிலுள்ள துகளும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து ஏமாற்றிவிடும்.

பலன் உண்டா?

1963-ல் நியூயார்க்கில் 40 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 62,000 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை மட்டும் ஆண்டுதோறும் மேமோகிராமுக்கும் டாக்டர் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்ததில், அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. ஸ்வீடனில் 1977-ல் தொடங்கிய ஆய்வும் இதை உறுதி செய்தது. இன்று பிரிட்டனில் 50 முதல் 71 வயதுக்குள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 2024-ல் வந்த பரிந்துரை, 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது.

மறுபக்கமும் உண்டு

போன வருஷம் 48 வயதான என் அம்மாவை ஒரு முகாமுக்கு அழைத்துப் போனேன். "எனக்கென்னடி கேடு? நல்லாத்தானே இருக்கேன். ஒருநாள் கூலி போகுது" என்றார். "நல்லா இருக்கும்போதுதாம்மா எடுக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனேன். நான்காம் நாள் மறுபடி வரச்சொல்லித் தகவல் வந்தது. ஒன்பது நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் தூங்கவில்லை. 'நல்லா இருந்தவங்களை நான்தான் கெடுத்துட்டேனோ' என்றுகூட நினைத்தேன். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "வெறும் நீர்க்கட்டி, பயமில்லை" என்றார்.

பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் 100 பேரில் சுமார் 10 பேர் மறுபடி அழைக்கப்படுகிறார்கள். 1,000 பேரில் புற்றுநோய் இருப்பதோ சுமார் 5 பேருக்குத்தான். வெல்டிங் படத்தில் சந்தேகம் வந்தால் அந்தக் குழாயையே தூக்கி எறிந்துவிடுகிறோமா? இன்னொரு முறை சோதிக்கிறோம். அதுபோல, திரும்ப அழைத்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அம்மா அந்த ஒன்பது நாளும் சாப்பிட்டிருப்பார்.

வேறு குறைகளும் உண்டு. சுரப்பித் திசு அடர்ந்த மார்பகமே படத்தில் வெள்ளையாக இருப்பதால் கட்டி மறைந்துகொள்ளும். இளம் பெண்களுக்கு இந்த அடர்த்தி அதிகம், நோய் வரும் வாய்ப்போ குறைவு. அதனால் எல்லா இளம் பெண்களுக்கும் எடுப்பதில்லை. ஆயுசு முழுக்கத் தொந்தரவு தராத சில கட்டிகளுக்கும் சிகிச்சை செய்ய நேர்ந்துவிடுகிறது. எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

கருவி இல்லாத ஊரில்?

நம் நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதிப்பிடுகிறது. ஊருக்கு ஊர் மேமோகிராம் கருவி வைப்பது சுலபமில்லை. ஆனால் வழி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இந்திய அரசின் 2016-ம் ஆண்டு வழிகாட்டுதலும், 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது.

ஆனால் கட்டியோ, தோலில் குழியோ, காம்பு உள்ளிழுப்போ, காம்பில் இரத்தக் கசிவோ, அக்குளில் வீக்கமோ தெரிந்தால் முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். வலி இல்லை என்பது நல்ல சேதி அல்ல. என் அத்தைக்கும் வலிக்கவில்லை.

நீர்க்கட்டி என்று தெரிந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுத்து எப்ப வரணும்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்களா? நீ படிச்சுப் பத்திரமா வை."

தோழர்களே, நம்மில் பலர் வீட்டிலே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் இந்தப் பேச்சை எடுங்கள். ஆண்பிள்ளை எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்கள் இந்தப் பக்கத்தை அக்காவிடமோ தங்கையிடமோ கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவே போதும்.

– மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை