ஓவியர் எடுத்த ‘கூடல்’

கல்லடிப் பாலத்தில் நின்று வாவியை நோக்குவோர், தோணியிலிருந்து வீசப்பெறும் வலை வட்டமாய் விரிந்து நீரில் வீழும் காட்சியைப் பலகாற் கண்டிருப்பர். ஓவியன் அவ்வலை விரிந்து நிற்கும் ஒரு கணத்தையே தீட்டுகின்றான். அதற்கு முன்னிருந்த கைவீச்சும் பின்னெழுந்த நீர்வளையங்களும் அவன் சட்டத்துக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. இவ்வெல்லையைக் கடக்க விழைந்த ஓவியர் சிலர் படக்கருவியை நாடினர். ஹான்ஸ் ரிக்டர், விக்கிங் எகலிங், பெர்னான் லெஜே என்போர் 1920களிலேயே ஐரோப்பாவில் இதனைச் செய்தனர். கதை சொல்வது அவர்கள் நோக்கமன்று. வடிவங்களின் இயக்கமும் தாளமுமே அவர்களுக்குப் பொருளாயின.

பாரதத்தில் இம்முயற்சிக்கு அரசாங்கமே துணைநின்றமை வியப்புக்குரியது. செய்திப்படங்கள் எடுத்துவந்த பம்பாய் ‘பிலிம்ஸ் டிவிஷன்’, 1967இல் எம். எப். ஹுசைனைக் கொண்டு ‘ஓர் ஓவியனின் கண்களூடாக’ என்னும் பொருள்படும் படத்தை எடுத்தது. உரையாடல் இல்லை. ராஜஸ்தானத்துத் தெருக்களிடையே குடை, லாந்தர், செருப்பு ஆகியன மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. அவ்வாண்டு பேர்லின் விழாவிற் குறும்படத்துக்கான தங்கக் கரடிப் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஆயின், நாம் ஈண்டு நின்று நோக்க விரும்புவது தையப் மேத்தா 1970இல் எடுத்த படத்தையாம். அதன் பெயர் ‘கூடல்’. பெயரைக் கேட்டதும் மதுரையைப் பற்றியதென்றே நாம் எண்ணினோம்! பம்பாயிலே வாழ்ந்த ஓவியர் நம் மொழிச் சொல்லைத் தேர்ந்துகொண்டார். சேர்க்கை, ஆறுகள் கலக்குமிடம் என்பன அதன் பொருள்கள். தலைவி கண்மூடி மணலில் வட்டம் வரைந்து, முனைகள் பொருந்தினால் தலைவன் வருவான் எனக் குறிபார்ப்பதும் ‘கூடல் இழைத்தல்’ எனப்படும்.

மேத்தா இளமையிற் படத்தொகுப்பாளராகப் பணிபுரிந்தவர். 1947ஆம் ஆண்டுக் கலவரத்திலே தெருவில் ஒருவன் கொல்லப்படுவதை நேரிற் கண்டவர். கட்டுண்ட காளை அவர் ஓவியங்களில் நெடுங்காலம் இடம்பெற்றது. பாந்திராக் கொல்களத்தில் அக்காளை வீழ்வதை இப்படத்திற் கறுப்பு வெள்ளையிற் காட்டினார். இடபத்தை வணங்கும் நமக்கு அதனைக் காண்பது எளிதன்று. ஆயினும் அது வெறுங் கொடூரக் காட்சியன்று. ஓவியத்திற் காளையும் மனிதனும் ஒரே துணியில் அருகருகே நிற்றல் வேண்டும். படத்திலோ ஒன்று மறைய மற்றொன்று தோன்றுகின்றது; இரண்டும் கூடுவது காண்போர் மனத்திலேயாம். இதனை நோக்கப் பெயர் பொருத்தமாகவே படுகின்றது.

அக்பர் பதம்சி வேறு வழிச் சென்றார். ஜவஹர்லால் நேரு நிதியுதவியைக் கொண்டு பம்பாயிற் பல்துறைக் கலைஞருக்குப் பட்டறையொன்று அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் கோட்டுருவங்களை அடுக்கி ‘சிசிஜி’ என்னும் ஓசையற்ற படத்தை ஆக்கினார். அவருடைய மற்றொரு படத்துக்கு இருந்தது ஒரே பிரதி. டெல்லிக்குக் காட்சிக்குச் சென்ற அது தொலைந்தது. நாற்பதாண்டுகளின் பின், அசிம் அலுவாலியா அதனை ஓவியரின் நினைவிலிருந்து மீட்க முயன்று 2016இல் ஒரு படம் எடுத்தார்.

‘கூடல்’ தப்பியிருக்கின்றது. அது ஓடும் நேரம் ஏறத்தாழப் பதினாறு நிமிடம். ஹுசைனின் படத்தையும் சேர்த்து ஒரு பாடவேளைக்குள் காட்டிவிடலாம். கொல்களக் காட்சி இருத்தலால், உயர்வகுப்பினருக்கு மட்டும் காட்டுதல் நன்று.