பாதுகாப்பற்ற இணைப்பும் கைத்தொலைபேசி எச்சரிக்கையும்

வானிலை அறிவித்தல், நெல்லின் விலை, பீடைகளைப் பற்றிய அறிவுரை, மானியப் படிவம் ஆகியவற்றை இக்காலத்துக் கமக்காரர் பலர் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளுகின்றனர். படுவான்கரையில் உள்ளவர் இவற்றுக்காக வாவியைக் கடந்து பட்டினம் வரவேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆயினும், இணையத்தளத்தின் பெயரை எழுதித் தொட்டதும் வேண்டிய தகவலுக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை திரையை மறைத்து நிற்பதுண்டு. அப்பொழுது, தளம் கெட்டுப்போயிற்று என்று எண்ணி விட்டுவிடுவோர் ஒரு சாரார். எதையும் வாசியாது மேலே தொட்டுச் செல்வோர் மற்றொரு சாரார். இரண்டும் தீங்கானவை. முன்னையதால் விதைப்புக் காலத்தில் வேண்டிய செய்தி கிடையாது போகும். பின்னையதால் வங்கிக் கணக்கிலுள்ள பணமே போகக்கூடும்.

எச்சரிக்கை ஏன் தோன்றுகிறது?

உங்கள் கைத்தொலைபேசிக்கும் இணையத்தளம் வைக்கப்பட்டுள்ள கணினிக்கும் இடையே நேர்வழி ஒன்றில்லை. நீங்கள் எழுதி அனுப்புவது அலைவரிசைக் கோபுரம், தொலைபேசிக் கம்பனியின் கருவிகள், கடலடிக் கம்பி எனப் பல இடங்களில் கைமாறியே சென்று சேர்கிறது. மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்படுமுன், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் படகிலேயே வாவியைக் கடந்து வந்தனர் என்பதை மூத்தோர் அறிவர். வாய் தைக்காத சாக்கில் நெல்லை ஏற்றி அவ்வாறு பல கைகள் மாற்றி அனுப்பினால், நடுவிலுள்ளவன் அள்ளவும் கூடும். பதரைக் கலக்கவும் கூடும். எச்.ரி.ரி.பி. எனத் தொடங்கும் முகவரி தைக்காத சாக்கை ஒத்தது. அதன் ஈற்றில் எஸ் என்னும் ஆங்கில எழுத்துஞ் சேர்ந்திருந்தால், சாக்கின் வாய் தைத்து முத்திரையிடப்பட்டதென்று கொள்ளலாம். அனுப்பியவரும் பெறுபவருமன்றி இடையிலுள்ளோர் உள்ளிருப்பதை வாசிக்கவோ மாற்றவோ இயலாது.

இது வீண் அச்சமன்று. 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்கர் பயர்ஷீப் என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். பொது இடத்து வைபை இணைப்பில் அமர்ந்திருக்கும் எவரும், அருகிலிருப்போரின் பேஸ்புக் முதலிய கணக்குகளுள் நுழையலாம் என்பதை அது யாவர்க்கும் காட்டிற்று. அதற்குச் சில மாதங்களுள் துனிசியா நாட்டில், பேஸ்புக்கின் நுழைவுப் பக்கம் பயனாளரைச் சென்றடையுமுன் நடுவழியில் அதனுள் வேறு கட்டளைகள் புகுத்தப்பட்டுக் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. முன்னையது அள்ளுதல், பின்னையது கலத்தல்.

இணையத்தளங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், பயர்பொக்ஸ் என்பன உலாவிகள். 2018 ஜூலையில் வெளிவந்த குரோம் 68 ஆம் பதிப்பு, தைக்காத சாக்கை ஒத்த எல்லாத் தளங்களுக்கும் "பாதுகாப்பானது அல்ல" என்ற குறிப்பை முகவரிக்கருகே இடத் தொடங்கியது. 154 ஆம் பதிப்பு முதல், அத்தகைய பொதுத் தளமொன்றை முதன்முறை திறக்குமுன் பயனாளரின் அனுமதியைக் கேட்கும் முறையே வழமையாகும் என்று கூகிள் நிறுவனம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது. ஆகவே பழைய தளங்களைத் திறக்கையில் தடை கூடுமேயன்றிக் குறையாது.

சான்றிதழ்

முத்திரையிட்ட தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை வைத்திருத்தல் வேண்டும். இது அத்தாட்சிப்படுத்திய விதைநெல் மூடையில் கட்டிய சிட்டையைப் போன்றது. சிட்டையில் இனத்தின் பெயரும் திகதியும் இருப்பதுபோலச் சான்றிதழில் தளத்தின் பெயரும், அது செல்லுபடியாகத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் இருக்கும். பெயர் பொருந்தாவிடினும், திகதி கடந்துவிடினும், சிட்டையை வழங்கியவர் இன்னாரென்று அறியப்படாவிடினும் உலாவி வழியை மறித்து, இணைப்பு தனிப்பட்டதன்று என்று கூறும்.

இவ்வாறு மறிக்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது உங்கள் கைத்தொலைபேசியின் திகதியையே. மின்கலம் முற்றாக இறங்கிய பழைய கருவி சில வேளைகளிற் பல ஆண்டுகளுக்கு முந்திய திகதியைக் காட்டும். அந்தத் திகதிப்படி நோக்கினால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை. எனவே உலாவி அதனை ஏற்காது. நல்ல தளங்கள் யாவும் ஒரே நாளில் மறுக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. செற்றிங்ஸ் பகுதியில் திகதி, நேரம் என்பவற்றைத் திறந்து, நேரத்தைத் தானாகப் பெறும் முறையை இயக்குக. ஒரு சதமும் செலவில்லாத இந்தத் திருத்தத்தை அறியாது, புதிய கருவி வாங்கக் கடன்படுதல் வேண்டியதில்லை.

திகதி சரியாயிருந்தும் ஒரு கருவியில் மாத்திரம் தளங்கள் பல மறிக்கப்படுமாயின், கருவியின் வயதை நோக்குக. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் நிறுவனம் உலகெங்கும் மிகப் பல தளங்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதற்கு ஆதாரமாயிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 ஆம் திகதி காலாவதியாயிற்று. அண்ட்ரொயிட் 7.1.1 இற்கு முந்திய கருவிகளுக்காகச் செய்யப்பட்ட இடைக்கால ஏற்பாடும் 2024 உடன் முடிந்துவிட்டது. அக்கருவிகள் புதிய மூலச் சான்றிதழை அறியா. இவற்றை வைத்திருப்போர் படிவம் நிரப்புவதற்கு வீட்டாரின் புதிய கருவியைப் பயன்படுத்துவதே உத்தமம். எல்லாக் கருவிகளிலும் ஒரே தளம் மாத்திரம் மறிக்கப்படுமாயின் பிழை தளத்தாருடையது. அதை நீங்கள் திருத்தமுடியாது.

எவ்விடத்திற் செல்லலாம், எவ்விடத்தில் நிற்க வேண்டும்?

"பாதுகாப்பானது அல்ல" என்ற குறிப்பு மாத்திரம் உள்ள தளத்தில் மழை விபரத்தையோ பழைய கட்டுரையையோ வாசிப்பதாற் பெருந்தீங்கு வராது. ஆனால் அங்கே காணும் பூச்சிநாசினி அளவைப் போத்தலிலுள்ள சிட்டையோடு ஒப்பிட்டே கலக்குக. பணம் அனுப்பச் சொல்லும் கணக்கிலக்கத்தை நம்பற்க. அத்தளத்திலிருந்து செயலி எதனையும் இறக்கற்க. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம், கடவுச்சொல், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கம் ஆகிய நான்கையும் அங்கே ஒருபோதும் எழுதற்க. உலாவி முழுவதும் மறித்து நிற்கும் தளத்தில், கீழே சிறிதாகக் காணும் வழியைத் தொட்டு உட்புகுந்து படிவம் நிரப்புதலும் இத்தகையதே.

உரமானியம் இப்பொழுது காசாக வங்கிக் கணக்கிலேயே இடப்படுகிறது. 2024/25 பெரும்போகத்தில் அது நெற்காணி ஹெக்டயருக்கு 25,000 ரூபா. இத்தொகை கணக்கிற் சேரும் காலமே, கமக்காரரின் விபரங்களைத் தேடுவோருக்கும் உகந்த காலம். இன்னொன்றையும் அறிதல் வேண்டும்: முத்திரை இருப்பதனால் தளம் நேர்மையானதென்று ஆகாது. மோசக்காரனும் சாக்கைத் தைத்து முத்திரையிடலாம். பூட்டுச் சின்னத்தைக் கண்டு பலர் ஏமாந்தமையாலேயே குரோம் 2023 இல் அச்சின்னத்தை முகவரிக்கருகிலிருந்து நீக்கிற்று. எனவே முத்திரையைப் பார்த்தபின் பெயரையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். அரசாங்கத் தளங்களின் பெயர், ஜீ.ஓ.வி. என்பதற்குப்பின் புள்ளியிட்டு எல்.கே. என முடியும். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாது, பெயரைத் தாமே எழுதித் திறப்பது நன்று.

சில கமக்காரர் அமைப்புகள் தமக்கெனத் தளம் வைத்திருக்கின்றன. இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு அமைத்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விடுவார். பின்னர் அதைப் பார்ப்பாரில்லை. இத்தளங்களுக்குச் சான்றிதழ் பெறப் பணம் வேண்டும் என்று சொல்லப்படுவது சரியன்று. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் இலவசமாகவே வழங்கிவருகிறது. அதன் வழமையான சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லும்; ஆகையால் தானாகப் புதுப்பிக்கும் முறையை ஆரம்பத்திலேயே அமைத்துவிடல் வேண்டும். கைகளாற் புதுப்பிக்கலாம் என்று விட்டால் அறுவடை வேலையில் அது மறந்துபோகும். இனிவருங் காலம் இன்னுங் குறுகியது: எல்லாச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளையும் 2029 மார்ச் முதல் 47 நாட்களாக்குவதென உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் 2025 இல் முடிவு செய்தனர்.

மானியப் படிவமுள்ள தளம் மறிக்கப்பட்டுத் திகதியைத் திருத்தியும் திறவாவிடின், கடைசி நாள்வரை காத்திராது, காணி விபரத்தோடும் வங்கிப் புத்தகத்தோடும் உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு நேரே செல்க. பயிர் சம்பந்தமான அறிவுரைக்குத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. அதற்கு உலாவி தேவையில்லை.